டுடோரியலுக்குப் போன பதினேழாம் நம்பர்

மயிலாப்பூர்,
25-1-1972

அன்புள்ள மருமகன் பொன்ராஜுக்கு, மாமா சண்முகசுந்தரம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை புஷ்பமும் சுகம். உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் கட்டை அவிழ்த்துவிட்டார்களா, எழுத்துக் கூட்டிப் படிக்கிறாளா என்று உடனே எழுது. இனி, நீ எதற்காக இந்தக் கவரை அவசரமாகக் கிழித்தாயோ அதற்கு வருகிறேன். ஏழு பிள்ளைகள் பொரித்துவிட்டார்கள். ஏழு! ஒன்றாவது உயிரோடு வந்தால்தான் ஆய்வுக்கூடத்தில் உன் வேலை நிரந்தரம் என்றார் அல்லவா உன் பேராசிரியர்? ஆறு அதிகமாகவே வந்திருக்கிறது என்று அவரிடம் சொல்.

நீ ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் ஹார்லிக்ஸ் பாட்டிலை என் கையில் திணித்து, "மாமா, இருபத்து நாலு ஆக்ஸலாட்டில் முட்டை. மெக்சிகோ நாட்டு உயிர், கால் முளைச்ச மீன் மாதிரி தண்ணிக்குள்ளேயே கிடக்கும். காலேஜ்ல தாய் தகப்பன் ரெண்டும் போயிருச்சு, இதுதான் மிச்சம்" என்றாய். முப்பத்தேழு வருஷம் பூகோளம் நடத்தியவன் நான். மெக்சிகோ என்று காதில் விழுந்ததுமே பொறுப்பு என்னுடையது ஆகிவிட்டது. ஜவ்வரிசிக் கஞ்சியில் ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு கடுகு விழுந்ததுபோல, ஒவ்வொரு சவ்வுக்குள்ளும் ஒரு கறுப்புப் புள்ளி. அகலமான மண்சட்டியில் அவர்களை மாற்றி, சட்டியை ஈரமணலில் உட்காரவைத்து, நனைத்த துணியால் மூடி, பாசித்தண்டில் ஒட்டியிருந்த வரிசைப்படியே ஒன்று முதல் இருபத்து நான்கு வரை நம்பர் கொடுத்து, காலையும் மாலையும் ஆஜர் எடுத்தேன். மூன்றாம் நாளே வீட்டுக்காரர் சுப்பராமன் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார்.

"என்ன ஓய் வாத்தியாரே, ஆத்துக்குள்ள முட்டை வந்திருக்காமே? வாடகைப் பத்திரத்துல என்ன எழுதியிருக்கோம்?"

"இது சாப்பிடற முட்டை இல்லை சார்."

"சாப்பிடறதுக்கு இல்லேன்னா முட்டைய எதுக்குய்யா வெச்சுண்டிருக்கீர்?"

பூதக்கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். உள்ளே ஒரு புள்ளி அவரை வளைத்துப் போட்டுவிட்டது. மறுநாள் முதல் காபி குடித்த கையோடு, "கொழந்தைகள் எப்படி இருக்கா?" என்று இறங்கி வர ஆரம்பித்துவிட்டார். அதனால் வந்த வினையைப் பின்னால் சொல்கிறேன்.

சென்னைச் சூடு ஆகாது என்று நீ எழுதிக் கொடுத்திருந்தாய். மந்தைவெளியில் ஐஸ் வண்டி வைத்திருக்கும் மெஹபூப் பாஷாவிடம் தினம் ஒரு கட்டி கொண்டுவரச் சொன்னேன். "முட்டைக்கு இன்னாத்துக்கு வாத்யாரே ஐஸு? கோயி கூட சூடாத்தானே குந்திக்கினு கீது?" என்றார். "தேயிலையை மெரினா மணலில் நட்டால் வருமா? ஒவ்வொன்றுக்கும் ஒரு சீதோஷ்ணம்" என்று உதாரணம் சொன்னேன். "கரீட்டு" என்று தலையாட்டிவிட்டு, முழுக்கட்டியையும் சட்டிக்குள்ளேயே போட்டார். பக்கத்தில் நின்று பார்த்து மகிழ்ந்தவன் நான். சட்டிக்கு வெளியே மணலில் வைத்திருக்க வேண்டும். திடீர்க் குளிரில் மூன்று, ஏழு, ஒன்பது ஆகிய நம்பர்கள் மறுநாள் வெளுத்துப் போயின.

வெளுத்ததை உடனே எடுத்துவிடு என்றும் நீ எழுதியிருந்தாய். அதை மட்டும் நான் செய்யவில்லை, மனம் வரவில்லை. என் வகுப்பில் ஒரு பையனைக்கூட நான் நிறுத்திவைத்தது கிடையாது, உனக்கே தெரியும். கிருபை மார்க் போட்டாவது மேலே ஏற்றிவிடுவேன். இரண்டு நாள் போகட்டும், தேறிவிடுவார்கள் என்று விட்டுவைத்தேன். தேறவில்லை. பஞ்சு மாதிரி பூஞ்சணம் பிடித்து, பக்கத்தில் இருந்த நல்ல பிள்ளைகளுக்கும் பரவியது. உன் அத்தை முறத்தில் கீரையை வைத்துக்கொண்டு கேட்டாள்: "கட்டுல ஒரு இல அழுகிட்டுன்னா அத ஆஞ்சு தூரப் போடுவீகளா, இல்ல பாவம்னு பக்கத்துலயே படுக்க வைப்பீகளா?"

"முட்டையும் கீரையும் ஒன்றா?" என்று அதட்டிவிட்டாலும், வேறு வழியில்லாமல் பூஞ்சணம் தெரிந்த தண்டுகளைக் கத்தரித்துப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டேன். ஃபெயில் என்று எழுதக் கை வராமல் 'டுடோரியல்' என்று சீட்டு ஒட்டினேன். பரீட்சையில் போனவனும் எங்காவது படித்துக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா?

பொங்கலன்று நான் கோயிலுக்குப் போயிருந்த நேரம், சுப்பராமன் தம் பூஜைச் செம்பில் இரவெல்லாம் ஊறிய தண்ணீரைச் சட்டியில் விட்டு, நாலு துளசியும் கிள்ளிப் போட்டிருக்கிறார். "செப்புத் தண்ணி ஒடம்புக்கு அவ்வளவு நல்லது ஓய்!" நம் உடம்புக்கு நல்லதுதான். இந்தச் சவ்வுக்குச் செம்பு விஷம் என்று உன் குறிப்பில் கடைசி வரியாக இருந்தது. அவர் முகம் வாடிப் போனதைப் பார்த்து அந்த வரியை அவருக்குப் படித்துக் காட்டவில்லை. தண்ணீரை மாற்றினேன், காற்றாட இருக்கட்டும் என்று துணியையும் எடுத்துவிட்டேன். அந்த யோசனைதான் பலித்தது! அதிலிருந்து ஒன்பதாம் நாள் எட்டிப் பார்க்கிறேன், ஏழு பேர் தண்ணீரின் மேல்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, சட்டியைத் தட்டினால் நெளிந்து நெளிந்து அடிக்கு ஓடுகிறார்கள். என்ன சுறுசுறுப்பு! இடது கண்ணில் புரை இருந்தாலும் எண்ணிக்கையில் நான் தவறுவதில்லை. சவ்வுகளைத்தான் காணோம், கரைந்திருக்கும். சேதி கேட்டு சுப்பராமன் வீட்டிலிருந்து மறுபடியும் சர்க்கரைப் பொங்கல் வந்தது.

ஆக, சூடு, திடீர்க் குளிர், பூஞ்சணம், செம்பு என்று இத்தனையையும் தாண்டி வந்த பிள்ளைகள் இவர்கள். உன் அம்மாவுக்கு எங்கள் அன்பு. கண்ணைக் கசக்க வேண்டாம் என்று சொல். நீ நிரந்தர வேலையும் நிறைந்த மனமுமாக நூறாண்டு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பெருமையுடன் உன் மாமா,
சண்முகசுந்தரம்

பி.கு.: கவரை ஒட்டுமுன் பாஷா ஐஸோடு வந்தார். சட்டிக்குள் பார்த்தார். "இன்னா வாத்யாரே, கொசுப்புழு வளத்துக்கினு கீறே? இதுங்க பெருசானா மெக்சிகோவுக்கா போவும்? நேரா மாடி வூட்டுக்காரரைத்தான் கடிக்கும்!" கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். கொசுப்புழுதான். ஏழும். உனக்கு எழுதிய இந்தக் கடிதத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உன் அத்தை உள்ளே போய், குடிதண்ணீர்ப் பானை சொட்டுகிற இடத்தில் வைத்திருந்த டுடோரியல் பாட்டிலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அதற்குள் விரல் நகம் நீளத்தில் ஒருவன். கழுத்துக்கு இருபுறமும் சாமரம் வீசினாற்போல இறகுச் செவுள். எங்களைத் திரும்பிப் பார்க்கிறான்! பதினேழாம் நம்பர். பதினாறும் பதினெட்டும் கெட்டதால் தண்டோடு இவனையும் சேர்த்துக் கத்தரித்துவிட்டேன் போலிருக்கிறது. "நான் என்னத்தச் செஞ்சேன்? வெளுத்தத அன்னன்னைக்குக் கரண்டியால ஆஞ்சு போட்டேன், கிணத்துத் தண்ணி மாத்துனேன், அம்புட்டுத்தான்" என்கிறாள்.

ஆகவே மேலே 'ஏழு' என்று வரும் இடங்களில் எல்லாம் 'ஒன்று' என்று திருத்திப் படித்துக்கொள். விடைத்தாளில் தப்பும் தெரிய வேண்டும் என்பது என் வழக்கம், அதனால் மேலே எழுதியதை அடிக்கவில்லை. வளர்த்தது யார் என்று பேராசிரியர் கேட்டால் உன் அத்தை பெயரைச் சொல். நம்பர் போட்டது நான் என்பதையும் கூடவே சொல்.