சிலுவை போட்ட முட்டைகள்

பதினோரு முட்டை வைத்த அடைக்கூடையில் பன்னிரண்டு முட்டை இருந்தது.

யேசுதாஸ் மறுபடி எண்ணினார். பன்னிரண்டு. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எண்ணினார். கை சுத்தமாயிற்று, முட்டை குறையவில்லை. திருட்டுப் போனால் போலீசிடம் போகலாம். கூடிப்போனால் எங்கே போவது?

அடை வைத்த அன்றே ஒவ்வொரு முட்டையிலும் அவர் கையாலேயே கரிச் சிலுவை போட்டிருந்தார். இப்போது பன்னிரண்டிலும் சிலுவை இருந்தது.

பகலில் மிஷன் பள்ளிக் குமாஸ்தா. மற்ற நேரமெல்லாம், வண்டியூருக்குக் கிழக்கே அரை ஏக்கர் தோட்டத்தில் கிளிமூக்குக் கோழிகள். மதுரைச் சீமையிலேயே சுத்தமான கிளிமூக்குச் சேவல் அவரிடம் மட்டும்தான் இருந்தது. பெயர் ஜமீன்தார். நின்றால் ஆள் உயரம் என்பார், உட்கார்ந்த ஆள். போன வாரம் கழிச்சல் கண்டு செத்தது. அதன் வம்சத்துக்கு மிச்சம் அந்தப் பதினோரு முட்டைதான். ஒரு கலப்புக் குஞ்சு சேர்ந்தாலும் எல்லாம் போச்சு.

"கொட்டிலுக்குள்ள யாரும் வந்தாங்களா?" என்று பெருக்குகிற ராமக்காளைக் கேட்டார்.

"ஒரு ஆளும் வரலைங்கய்யா."

எல்லா முட்டையிலும் இரண்டாவது சிலுவை போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனார். சாயங்காலம் பதின்மூன்று. பதின்மூன்றிலும் இரண்டு சிலுவை.

மூன்றாவது சிலுவை போட்டார். பதினான்காயிற்று. பதினான்கிலும் மூன்று. கூடை கல்லறைத் தோட்டம் மாதிரி இருந்தது. அடைக்கோழி அவரையே இமைக்காமல் பார்த்தது. வெளியே ஒரு கோழிகூடக் கொக்கரிக்கவில்லை.

கோரிப்பாளையத்திலிருந்து சிநேகிதர் நைனா முகமது வந்து பார்த்தார்.

"மாப்ள, கூடையைச் சுத்திச் சாம்பலைத் தூவி வையி. வர்றது எதுன்னாலும் கால் பதியும்ல?"

"கால் இல்லாததா இருந்தா?"

"அப்ப நான் வரல, நீயே பாத்துக்க."

மறுநாள் சாயங்காலம் இருவரும் குனிந்து பார்த்தார்கள். மனிதக் காலடி ஒன்றுகூட இல்லை. அடைக்கோழி இரை தின்ன இறங்கி ஏறிய தடம் இருந்தது. பக்கத்திலேயே இன்னொரு தடம், மூன்று விரல், வந்து போயிருந்தது. கூடையில் பதினைந்து.

யேசுதாஸ் கூடையை விட்டு இரண்டடி பின்வாங்கினார். "ஜமீன்தாரு!"

"யோவ், அது சேவல்யா!"

"உசுரோட இருந்தப்ப போடாத முட்டைய, செத்தப்புறம் போடுது மாப்ள!"

நைனா முகமது செருப்பைக்கூட மாட்டவில்லை. கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். "தூக்கித் தண்ணில விடு. அது பொரிஞ்சா என்ன வருமோ, யாரு கண்டா!"

மறுநாள் காலையில் வைகையில் தண்ணீர் ஓடியது. அதுவே பாதி அதிசயம். யேசுதாஸ் கூடையைக் கவிழ்த்துவிட்டு, சிலுவைகள் ஒவ்வொன்றாக உருண்டு முங்குவதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜமீன்தாரின் வம்சம் ஆற்றோடு முடிந்தது.

வெறுங்கூடையோடு திரும்பியவரைக் கொட்டில் வாசலில் ராமக்காள் மறித்தாள்.

"எங்கய்யா போனீங்க கூடையத் தூக்கிட்டு? எங்க வீட்டுச் செவப்பிக் கோழி முட்டை போட எடந் தேடி அலையுது. நாலு நாளா இதுலதான போடுது! அது முட்டைக்கு மட்டும் சிலுவை இல்லாட்டி உங்க சாமி கோவிச்சுக்குமேன்னு, நீங்க தூவி வச்ச சாம்பலக்கூட மிதிக்காம எட்டி நின்னு, நாந்தான் மறக்காமப் போட்டு விட்டேன்."