வறண்ட ஓடையில் ஈரம்

‘மே 14. நேற்றுக் காலை ஓடைக் கல் நனைந்திருந்ததைப் பனி என்று எழுதிவிட்டேன். மே மாதத்தில் ஏது பனி? அடித்துவிட்டேன்.’

எழில்மதி நோட்டை மூடிவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினாள். கள்ளக்குறிச்சியில் தோட்ட அமைப்பு மாலை வகுப்பில் படிக்கும் அவள், கச்சிராயபாளையத்தில் தன் வீட்டு வேலியோரம் வறண்ட ஓடை ஒன்று அமைத்திருந்தாள். வளைந்த பள்ளம், நிறையக் கூழாங்கல். தண்ணீர் ஓடிய தடம்போல் தெரிய வேண்டும். ஒரு சொட்டு இருக்கக் கூடாது. பதினேழாம் தேதி வகுப்பு ஆசிரியர் பார்க்க வருகிறார். பிடித்துவிட்டால், கல்வராயன் மலையில் புதிதாகக் கட்டும் விடுதியின் தோட்டம் அவள் கையில்.

இன்றும் கல் நனைந்திருந்தது.

ஆழம் போதாமல் ஈரம் தேங்குகிறதோ? கல்லையெல்லாம் வாரி வெளியே போட்டு, அரை அடி கூடுதலாக வெட்டினாள். மறுநாள் கணுக்கால் தண்ணீர். வடியட்டும் என்று பள்ளத்தை நாலடி நீட்டினாள். அதற்கு மறுநாள் முழங்கால் தண்ணீர்.

அப்பா தெய்வசிகாமணி வாயில் வேப்பங்குச்சியோடு எட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா இது? ஊத்து கெளம்பிக்கினு வருது!”

“எனக்கு அப்டித் தோணலப்பா...”

“கெணறே காஞ்சி கெடக்குது, வூட்டு வேலியில ஊத்து! கமலா, கற்பூரம் எடுத்தா!”

அம்மா கற்பூரம் கொளுத்துவதற்குள் அப்பா போனில் இருந்தார். “நாளைக்கு காலைல போர் போடுற வண்டி வருது!”

“அய்யோ, நாளைக்கி சார் வராருப்பா!”

“அவரும் பாக்கட்டும், தண்ணி எப்டி பீச்சி அடிக்குதுன்னு!”

எழில்மதி பள்ளத்தைக் குனிந்து பார்த்தாள். ஓடை போச்சு. ஆனால், ஒருவேளை, தான் நிஜமாகவே ஊற்றைக் கண்டுபிடித்துவிட்டோமோ?

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுத் தைலம்மாள் வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். பள்ளத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“அப்பாடி, ரொம்பிடிச்சி! பாவம், பொண்ணு ஓடை வெட்டிட்டு தண்ணியில்லாம தவிக்குதேன்னு, விடிகாலைல கொழாத் தண்ணி வரப்போ என் ஓஸ் பைப்ப இந்தாண்ட போட்டு வுட்டுக்கினு இருக்கேன். நீ வெட்ட வெட்ட நானும் ஜாஸ்தியா வுட்டேன். இப்ப போதுமா கண்ணு?”

‘மே 16. நாளைய வேலை: போர் வண்டியைத் திருப்பி அனுப்ப வேண்டும். தண்ணீரை இறைத்துக் கல்லை அடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், விடியுமுன் போய்த் தைலம்மாள் அத்தையின் ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.’