கலியமூர்த்தி வீடு இடிந்த ஞாயிற்றுக்கிழமை

கலியமூர்த்தியின் மாடி வீடு இடிந்து விழுந்தபோது அவர் எதிர்வீட்டுக் கண்ணாயிரத்தின் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

விழுந்தது டிவியில்தான். ஆனாலும் டம்ளர் வாய்க்குப் போகும் வழியில் அப்படியே நின்றுவிட்டது.

"மச்சான், அது என் வூடு."

இல்லையென்று சொல்ல வழியில்லை. ரோஸ் கலர் பெயின்ட், மொட்டைமாடியில் தாமரைப்பூ மாதிரி தண்ணீர்த் தொட்டி. கடலூர் செம்மண்டலத்தில் அப்படி இன்னொரு வீடு கிடையாது. பால் காய்ச்சி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

கண்ணாயிரத்தின் மகள் இசைவாணிக்குச் சென்னையில் ஒரு கார்ட்டூன் கம்பெனியில் வேலை. போன பொங்கலுக்கு வந்தவள் தெருவையே போட்டோ பிடித்துக்கொண்டு போனாள். அவள் கம்பெனி தயாரித்த 'மின்னலன்' அன்றுதான் டிவியில் ஆரம்பம். இனி ஞாயிறுதோறும் வரும். "எம்பொண்ணு நம்ம தெருவத்தான் வரைஞ்சிருக்கா!" என்று கண்ணாயிரம் பால்காரர் முதல் இஸ்திரிக்காரர் வரை சொல்லிவைத்திருந்தார். கவர்மென்ட் கொடுத்த கலர் டிவிக்கு முன்னால் கால் வைக்க இடமில்லை.

திரையில் மின்னலன் அரக்கனைச் சுழற்றி எறிந்தான். அரக்கன் வீட்டின் மேல் விழுந்தான். வீடு மாவாகியது. மின்னலன் கையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே பறந்துபோனான்.

கலியமூர்த்தியின் மனைவி சௌந்தரம் எழுந்து நின்றார். "வூட்டுக்குள்ள நான் இருந்தேனே, எனக்கு இன்னா ஆச்சு?"

"நீதான் இங்க உக்காந்திருக்கியேம்மா" என்றார் கண்ணாயிரம்.

"இங்க இருக்கேன், சரி. அங்க? ஏழு மாசத்துப் புள்ளத்தாச்சி மருமவ மாடியில இருக்கா. அந்தப் படுபாவி ஒரு தடவ எட்டிப் பாத்தானா?"

பெற்ற மகளின் மானம் போகிறது. கண்ணாயிரம் அவசரமாக ஒரு பொய்யைத் தேடி எடுத்தார். "அன்னிக்கு நீங்கல்லாம் திருப்பதி போயிட்டீங்க. கதையே அப்படித்தான்."

"ஏழு மாசத்துல அவள மலையேத்துவனா? பாக்குற சனம் என்ன இன்னா நெனைக்கும்?"

"அவ வரல. சிதம்பரத்துல அம்மா வூட்டுக்குப் போயிட்டா. அதனாலதான் தப்பிச்சா."

சௌந்தரம் உட்கார்ந்தார். கண்ணாயிரம் பெருமூச்சு விட்டார்.

மறுநாள் காலையில் சிதம்பரத்திலிருந்து ஒரு அம்பாசடர் கார் வந்து நின்றது. மருமகளின் அம்மா தில்லையம்மாள் இறங்கினார்.

"எங்க வூட்டுல இருந்ததாலதான் எம்பொண்ணு பொழைச்சான்னு டிவியிலயே சொல்லிட்டாங்களாமே? அப்பறம் இங்க இன்னா வேல? வா கண்ணு, ஏறு."

கார் போய்விட்டது. சௌந்தரம் எதிர்வீட்டுப் பக்கமிருந்த ஜன்னலைச் சாத்தினார்.

"அடுத்த வாரம் வூட்ட முழுசா கட்டிக் குடுத்துடுவாங்க மாமா" என்று கண்ணாயிரம் கலியமூர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தார். எந்தத் தைரியத்தில் செய்தார் என்பது அவருக்கே தெரியாது.

கடவுள் இருந்தார். அடுத்த ஞாயிறு ரோஸ் வீடு கீறல்கூட இல்லாமல் நின்றது.

"ஒரே வாரத்துல முடிச்சிட்டானே!" கலியமூர்த்திக்கு முகமெல்லாம் பல். "எனக்குக் கொத்தனாரு ரெண்டு வருசம் இழுத்தான்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் மின்னலன் ரோட்டில் போன டவுன் பஸ்ஸைத் தூக்கி அரக்கன் மண்டையில் அடித்தான். பஸ் ரெண்டாகப் பிய்ந்தது.

கோடிவீட்டுப் புஷ்பவள்ளி அலறினாள். "ஐயோ, அது செம்மண்டலம் பஸ்ஸு! எங்க வூட்டுக்காரரு அதுல கண்டக்டரு!"

"கார்ட்டூன்மா அது."

"அடிச்சவன் நல்லவனா, கெட்டவனா?"

"நல்லவன்தான்."

"நல்லவன் அடிச்சா யாரு மேல கேஸ் குடுக்கிறது?"

இதற்குக் கண்ணாயிரத்திடம் பதில் இல்லை. பொய்தான் இருந்தது. "அது டிப்போவுக்குப் போற காலி பஸ்ஸும்மா. உள்ள ஒரு ஆளு இல்ல."

சாயங்காலம் காக்கிச் சட்டையோடு கண்டக்டரே வாசலில் நின்றார்.

"நான் பஸ்ஸக் காலியா ஓட்டறேன்னு டிவியில சொல்றாங்களாமே? டிப்போவுல அவனவன் சிரிக்கிறான். ஜாஸ்தி கலெக்‌ஷன் காட்டறவன் சார் நான்! மேனேஜரு கேட்டா நீங்க வந்து பதில் சொல்றீங்களா?"

இதற்குள் தெரு இன்னொரு விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டது. இரண்டு வாரத்தில் பெட்டிக்கடை நொறுங்கியது, கரண்ட் கம்பம் சாய்ந்தது, பஸ் பிய்ந்தது. கண்ணாயிரத்தின் வீட்டில் மட்டும் ஒரு ஓடுகூட நகரவில்லை.

"அவ வூட்ட மட்டும் பத்திரமா வச்சிக்கிட்டா, பாத்தியா?"

கண்ணாயிரம் கொல்லைப்பக்கம் போய் மகளுக்குப் போன் போட்டார்.

"அம்மாடி, அடுத்த வாரம் நம்ம வூட்ட இடிச்சிடு."

"என்னப்பா சொல்றீங்க?"

"முழுசா வேணாம். சமையக்கட்டோட நிறுத்திக்க. நான் தெருவுல தலகாட்ட வேணாமா?"

"அதெல்லாம் எப்பவோ முடிச்சுக் குடுத்தாச்சுப்பா. அதுவும் இல்லாம, நான்…" அவள் குரல் இறங்கியது. "எல்லாத்தையும் நான்தான் வரைஞ்சேன்னு சொல்லிட்டீங்களாப்பா?"

"பின்ன? பால்காரருக்கே தெரியும்."

"சனிக்கிழமை வர்றேன்பா" என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை இசைவாணி வந்தாள். கூட வேலை பார்க்கும் பிரீதாவையும் அழைத்து வந்திருந்தாள். இருவரும் பையைக் கீழே வைப்பதற்குள் கூடம் நிறைந்துவிட்டது. தில்லையம்மாளும் மகளோடு சிதம்பரத்திலிருந்து வந்திறங்கினார். கண்டக்டர் லீவு போட்டிருந்தார்.

சௌந்தரம்தான் ஆரம்பித்தார். "ஏண்டி, சின்னப் புள்ளையில எங்க பழைய வூட்டுலதானே வெளையாண்டுக்கிட்டுக் கெடந்த? உள்ள நாங்க இருக்கோம்னு ஒரு தடவயாச்சும் நெனைச்சுப் பாத்தியா?"

இசைவாணி தலையைக் குனிந்துகொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

கண்ணாயிரத்திடம் புதுப் பொய் ஒன்று தயாராக இருந்தது. மகளின் முகத்தைப் பார்த்ததும் அதைக் கைவிட்டார். எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றார்.

"போதும்மா, உடு. திருப்பதியும் காலி பஸ்ஸும் நான் வுட்ட கத. எனக்குப் படம் வரையத் தெரியாது. எம்பொண்ணத் தெரியும். வாசல்ல எறும்பு போனாக்கூட தாண்டித்தான் கோலம் போடுவா. உள்ள ஆளு இருக்கச்சொல்ல ஒரு வூட்ட இடிக்க அவளுக்கு மனசு வராது. நீங்க இன்னா வேணா சொல்லுங்க. அவள நெனைச்சா எனக்குப் பெருமதான்."

இசைவாணி தலை நிமிராமல் சொன்னாள்.

"டிவியில வந்ததுல நான் வரைஞ்சது ஒண்ணுகூட இல்லப்பா."

பால்காரர் முகம் கண்ணாயிரத்தின் கண்முன் வந்து போனது.

அதுவரை காபியை ஊதிக்கொண்டிருந்த பிரீதாவுக்குத் தாங்கவில்லை. டம்ளரை டக்கென்று வைத்துவிட்டு எழுந்தாள்.

"வீட்ட இடிச்சது, பஸ்ஸப் பிச்சது எல்லாம் நான்தாங்க! உள்ள இருக்கிறவங்கள வெளிய கொண்டாறதுதான் இவ வேல. மாடியிலேர்ந்து உங்க மருமகளக் கையப் புடிச்சு எறக்கி, பஸ்ஸுல கடைசி ஆளு வரைக்கும் எறக்கி, இந்தத் தெருவுல ஒருத்தர் பாக்கியில்லாம காப்பாத்தி வரைஞ்சு குடுத்தா. நேரம் போதலன்னு டைரக்டர்தான் உங்க எல்லாரையும் வெட்டிட்டாருங்க!"