புதுத் தாடையோடு ஏலக்கூடம் போன கதை

பாசமுள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் நலம். அங்கே உன் நலமும் அத்தானின் முழங்கால் நலமும் அறிய ஆவல். நான் நன்றாகத் தேறிவிட்டேன், ஒரு குறையும் இல்லை. ஆகவே நீ மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டு வர வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தாடையில் வந்த கட்டியை அறுத்தெடுத்து, காலிலிருந்து எலும்பும் சதையும் வெட்டி அந்த இடத்தில் வைத்துத் தைத்து நான்கு மாதம் ஆகிறது. ஏன் நொண்டுகிறாய் என்று கேட்பவர்களுக்கு வாயைக் காட்டுகிறேன். காலின் தோலையும் சேர்த்து வைத்ததில் வாய்க்குள் முடி வேறு முளைக்கிறது. தலையில் பதினைந்து வருஷம் கெஞ்சியும் வராதது அங்கே தானாக வருகிறது. கீழுதடு மரத்துக் கிடப்பதால் டீ குடித்தால் பாதி எனக்கு, பாதி சட்டைக்கு. உன் தம்பி பெண்டாட்டி எதைக் கண்டாலும் மிக்ஸியில் போட்டு அரைக்கிறாள். நேற்று அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை அக்கா. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் கால் உட்காரச் சொல்கிறது. போன செவ்வாய்க்கிழமை அவளுக்குத் தெரியாமல் ஏலக்கூடத்துக்குப் போய்விட்டேன். முப்பது வருஷம் நான் பழைய சாமான் ஏலம் விட்ட கூடம்; இப்போது என் கூட்டாளி சுத்தியலைப் பிடித்திருக்கிறான். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மணிக்கு ஒருமுறை தாடையைப் பத்துத் தடவை தூக்கி இறக்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரியில் வாய்ப் பயிற்சி கொடுக்கும் அம்மாவின் உத்தரவு. பதினொன்று அடித்தது, நானும் ஆரம்பித்தேன். எங்கள் கூடத்தில் ஏலம் கேட்பவர் கை தூக்க வேண்டாம், தாடையை லேசாக உயர்த்தினால் போதும் என்று சட்டம் போட்டவனே நான்தான் என்பது ஏழாவது தடவையில்தான் ஞாபகம் வந்தது. அதற்குள் ஓட்டல்காரர் ஒருவர் என்னோடு போட்டி போட்டுக் களைத்துவிட்டார். 'வேண்டாம்டா' என்று கத்தப் போனேன்; வாய் திறப்பதற்குள் தாடை முந்திக்கொண்டது. "மூணு தரம்! அண்ணனுக்கே!" என்று தட்டிவிட்டான் பாவி. பன்னிரண்டு பேர் உட்காரும் சாப்பாட்டு மேஜை, மெல்லவே முடியாத ஆளுக்கு!

மேஜை வாசலில் நுழையாமல் பாதி வெளியே நிற்கிறது. "வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று அவள் ஒரே சத்தம். அதுதான் அக்கா முடியவில்லை. வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். சாப்பாடு, தூக்கம், வலி எல்லாவற்றுக்கும் டிக் அடித்தேன். 'உங்கள் பேச்சு மற்றவர்களுக்குப் புரிகிறதா?' என்பதை மட்டும் விட்டுவிட்டேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று என்னைக் காட்டித்தானே சொல்வாய்? இப்போது வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுகிறவன் மாதிரி இருக்கிறது என் பேச்சு. நீ போன் பண்ணும்போதெல்லாம் நான் தூங்குவதாகச் சொல்லச் சொன்னது அதனால்தான். கேட்டால் நீ அழுவாய்; அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. பேச்சு சரியானதும் நானே கூப்பிடுகிறேன். அதுவரை கூப்பிடாதே, வராதே.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தேறிவிட்ட தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது நீ கூப்பிட்டாய். "இன்னிக்கு நான் பொய் சொல்ல மாட்டேன்" என்று அவள் போனை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். முப்பத்தெட்டு நிமிஷம் பேசினாய் அக்கா. அத்தான் முழங்கால், மாடி வீட்டுக்காரி, ஒழுகுகிற குழாய், நடுவில் நான் நுழைய ஒரு இடுக்குக்கூட இல்லை. கடைசியில் "என்னடா, கேக்குறியா?" என்றாய். "ம்" என்றேன். "குரல் நல்லாத்தானே இருக்கு, அப்புறம் என்ன? சனிக்கிழமை வர்றேன்" என்று வைத்துவிட்டாய். அழுதது நான்தான். மேலே எழுதிய எதுவும் செல்லாது, வா.