கருங்கேணிக்காரர்

அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள் ஒரு தனி இனம். நாமக்கல் வட்டாரத்தில் கோழிகளுக்கு அடுத்தபடி எண்ணிக்கையில் அதிகம் இவர்கள்தானோ என்று சந்தேகம் வரும். ஆளைப் பார்த்தால் அடையாளம் தெரியாது. ஒரு நல்ல பொருளை அதன் தொல்லையோடு சேர்த்து நீட்டிப் பாருங்கள். நல்லதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, தொல்லையை வாசலிலேயே நிறுத்திவைத்து, "அதை அப்பறம் பாத்துக்கலாமுங்க" என்பார்கள். ஆள் அகப்பட்டுவிட்டார் என்று அர்த்தம்.

இவர்கள் நிபந்தனைகளைப் படிக்காதவர்கள் என்று யாரும் தப்பாக எண்ண வேண்டாம். வரிவிடாமல் படிப்பார்கள், மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் மருந்துச் சீட்டின் எச்சரிக்கை, வாடகை ஒப்பந்தத்தின் ஒன்பதாவது விதி, இந்தப் பத்தியைத் தாண்டிப் போகும் வாசகர் கட்டுரை முடிந்த கையோடு எழுந்துபோய், வெகுநாளாகத் தள்ளிப்போட்ட வேலை ஒன்றைச் செய்துமுடிக்க ஒப்புக்கொண்டவராகிறார் என்பது போன்ற ஷரத்துகள் எல்லாமே வேறு யாருக்கோ எழுதியவை என்பது இவர்களுடைய திடமான நம்பிக்கை. அந்த வேறு யாரோ எங்கே இருக்கிறார்? அதை மட்டும் இவர்கள் சொன்னதில்லை.

கலையரசனை எடுத்துக்கொள்வோம். வயது முப்பத்தாறு. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் வரைபடம் போடுகிறவர். தொழிலில் கெட்டிக்காரர், எந்தச் சட்டம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் வீடு பார்த்த அழகைக் கேளுங்கள். விசாலமான கூடம், மூன்று பக்கம் ஜன்னல், வாசலில் மாமரம். பின்சுவரை ஒட்டிப் பதினெட்டாயிரம் கோழிகள் உள்ள பண்ணை. அவர் மனைவி பிரபா மூக்கைப் பொத்திக்கொண்டு அதைச் சுட்டிக்காட்டியபோது, "காத்து என்ன எப்பவும் இந்தப் பக்கமேவா அடிக்கும்? அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். நான்கு வருஷமாகக் காற்று அந்தப் பக்கமேதான் அடிக்கிறது. ஈக்குப் பயந்து புருஷனும் பெண்டாட்டியும் கொசுவலைக்குள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ரசம் ஊற்றுகையில் வலையைத் தூக்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

இத்தகையவருக்கு 'மாயக்கோட்டை' என்ற சீட்டு விளையாட்டு அகப்பட்டது. ரம்மி வகையறா இல்லை. பூதமும் யாளியும் மந்திரவாதியும் வண்ணப் படங்களாக உள்ள சீட்டுகள். வாங்கலாம், விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொருவருக்கும் சொந்தமாக அறுபது சீட்டு, இருபது உயிர். எதிராளியின் உயிரைத் தீர்த்தவர் ஜெயித்தார். பூதங்களைக் களத்தில் இறக்கச் சக்தி வேண்டும், சக்தியைத் தருவது ஊற்றுச் சீட்டு. முறைக்கு ஓர் ஊற்றுதான் போடலாம். 'நல்லூற்று' என்பது முறைக்கு ஒரு சக்தி கொடுக்கும். அதனால் ஒரு தொந்தரவும் இல்லை, பெருமையும் இல்லை. 'கருங்கேணி' என்று இன்னோர் ஊற்று உண்டு. ஒரே சீட்டில் மூன்று சக்தி! படத்துக்குக் கீழே எறும்பு ஊர்ந்தது போல் ஒரு வரி: உன் முறை தொடங்கும் ஒவ்வொரு தடவையும் ஓர் உயிரை இழப்பாய். போட்ட கேணியைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

கலையரசன் அதைப் பார்த்ததும் காதல் கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒருவர் நான்கு கருங்கேணிதான் வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. நான்கையும் தேடிப் பிடித்தார். அம்மாபேட்டையில் ஒருவரிடம் இருந்த நான்காவது சீட்டுக்காகத் தன்னுடைய மூன்று யாளிகளைக் கொடுத்துவிட்டு வந்தார். "கீழ என்னமோ எழுதியிருக்குதுங்களே?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "அது மெதுவா ஆடறவனுக்குங்க. நாம சீக்கிரம் முடிச்சிருவோமல்ல?"

நாமக்கல்லில் இந்த ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை தோறும் காளியண்ணன் என்பவருடைய முட்டைக் கிடங்கு மாடியில் நடக்கும். நடுவர் அவர்தான். முப்பது குழி உள்ள முட்டை அட்டையில் இருபது கோலிக்குண்டுகளை வைத்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுவார். உயிர் போனால் குண்டை எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். சென்னையில் நடக்கும் பெரிய போட்டிக்கு இந்த மாடியிலிருந்து ஒருவரைத்தான் அனுப்புவார்கள். கலையரசன் அதற்காக இரண்டு வருஷம் ஏங்கினார். கடைசி ஆட்டத்துக்கு வந்ததும் பட்டறையில் மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார், சென்னையில் போட்டுக்கொள்ள நீலச் சட்டை ஒன்றும் தைத்துக்கொண்டார். ஆட்டம் நடக்க இருந்த ஞாயிறு காலையில் பிரபா இட்லித் தட்டோடு வலைக்குள் நுழைந்தாள்.

"ஏனுங்க, செயிச்சா நீங்க மெட்ராசு போயிட்டு வாங்க. நான் ஒண்ணும் சொல்லுல. ஆனா தோத்துட்டா இந்த ஊட்ட மாத்திரோணும். ஈ இல்லாத ஊடு ஒண்ணு பாத்து வெச்சிருக்கறேன். செரிங்களா?"

"செரி, செரி."

"நெசமாத்தான் சொல்றேனுங்க."

"அட செரிங்கறேன். அதை அப்பறம் பாத்துக்கலாம், சட்னி ஊத்து."

கிடங்கு மாடியில் அவருக்கு எதிரே உட்கார்ந்தவள் சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து பஸ்ஸில் வந்த யாழினி. பல் மருத்துவம் படிக்கிற பெண். அவளிடம் இருந்தவை எல்லாம் நல்லூற்றுகள்தான். கலையரசன் அதைக் கண்டு அவளுக்காகக் கொஞ்சம் வருத்தப்படக்கூடச் செய்தார்.

அதிர்ஷ்டமோ அன்றைக்கு அவரைத் தேடி வந்தது. முதல் மூன்று முறையிலும் வரிசையாக மூன்று கருங்கேணி. ஒன்பது சக்தி! அவருடைய குட்டி வீரர்கள் பாய்ந்து பாய்ந்து அடிக்க, யாழினியின் குண்டுகள் கிண்ணத்தில் டொக் டொக்கென்று விழுந்தன. அவருடைய குண்டுகளும் விழுந்தனதான். அந்தச் சத்தம் அவர் காதில் விழவில்லை.

நான்காவது முறையில் அவர் அட்டையில் பதினான்கு குண்டு. கையில் ஒரு நல்லூற்றும் நான்காவது கருங்கேணியும் இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அவருடைய மச்சான், பிரபாவின் தம்பி சிவபிரகாஷ் பலமாகத் தொண்டையைக் கனைத்தார்.

"இருமறதுன்னா கீழ போயி இருமிட்டு வாங்க மாப்ளே," என்றார் காளியண்ணன்.

கலையரசன் கருங்கேணியைப் போட்டார். பன்னிரண்டு சக்தி! பன்னிருகைப் பூதத்தை இறக்கினார். மாடியே கை தட்டியது. கையில் இருக்கும்போது போடாமல் விடுவதற்கு அவர் என்ன பைத்தியமா? யாழினி கைதட்டல் ஓயும்வரை காத்திருந்து, 'முள்வேலி' என்ற அற்பச் சீட்டு ஒன்றைப் பூதத்தின் முன்னால் வைத்தாள். பூதம் வேலியை உடைத்தது. அடுத்த முறை இன்னொரு வேலி. அதையும் உடைத்தது. பூதம் உடைத்ததெல்லாம் வேலிதான். அவள் உயிரைக் குறைத்ததெல்லாம் குட்டி வீரர்கள்தான். இந்தப் பக்கம் முறைக்கு நான்கு குண்டு வீதம் பத்து, ஆறு, இரண்டு என்று அட்டை காலியாகிக்கொண்டே வந்தது.

ஏழாவது முறை முடிந்தபோது யாழினிக்கு மூன்று உயிர், கலையரசனுக்கு இரண்டு. அவள் தன் சீட்டுகளைப் பார்த்தாள். அவர் களத்தைப் பார்த்தாள். முட்டை அட்டையையும் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் பண்ணலீங்கண்ணா. உங்க முறைங்க."

கலையரசன் உற்சாகமாகச் சீட்டை எடுக்கக் கையை நீட்டினார்.

"மொதல்ல குண்ட எடுங்க சாமி," என்றார் காளியண்ணன் மெதுவாக.

நான்கு குண்டு எடுக்க வேண்டும். அட்டையில் இருந்தவை இரண்டு. கலையரசன் இரண்டையும் எடுத்தார். காலிக் குழி ஒன்றில் விரலை விட்டுத் துழாவியும் பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. இரண்டு வருஷத்து ஆசை. அவரை யாரும் அடிக்கவில்லை, அவர் தோண்டிய கேணிதான் குடித்தது.

எடுக்காமல் போன அந்தச் சீட்டை ஒரு நப்பாசையில் திருப்பிப் பார்த்தார். 'இடி.' எதிராளிக்கு மூன்று உயிர் போகும்.

"நாலாவது தடவ நல்லூத்தப் போட்டிருந்தா உங்களுக்கு இந்நேரம் ரெண்டு உசுரு மிச்சம் இருக்கும். இந்த இடியோட ஆட்டம் முடிஞ்சிருக்கும்," என்றார் சிவபிரகாஷ். "அதுக்குத்தான் மச்சா இருமுனேன்."

"அதிர்ஷ்டம் இல்ல மாப்ளே," என்றார் கலையரசன். "ஒரே ஒரு சீட்டு முந்தி வந்திருக்கோணும்."

நான்கு கேணியும் கைக்கு வந்த ஒருவர் அதிர்ஷ்டத்தைக் குறை சொல்கிறார். இந்த இனத்தின் கடைசி அடையாளம் இதுதான்.

வீட்டுக்கு வந்தால் கூடத்தில் கொசுவலையைக் காணோம். பாத்திரமெல்லாம் அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தது. வாசலில் அவருடைய பட்டறையில் கட்டிய மினி லாரி ஒன்று பின்கதவைத் திறந்துவைத்து நின்றது.

"இதென்ன பிரபா?"

"தம்பி போன்ல சொன்னானுங்க. பீரோவ ஒரு கை புடிங்க."

"இப்பத்தான வந்தேன். அதை அப்பறம் பாத்துக்..."

"அந்த அப்பறம் இன்னைக்குத்தானுங்க," என்றாள் பிரபா.

கலையரசன் பீரோவின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். புது வீட்டில் ஈ இல்லையாம். கூடம் சிறியது, மாமரம் கிடையாது. நல்லூற்று வகை வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. இந்தக் கட்டுரையின் இரண்டாம் பத்தியில், மருந்துச் சீட்டுக்கும் வாடகை ஒப்பந்தத்துக்கும் பக்கத்தில், உங்களுக்கு ஒரு ஷரத்து எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறீர்கள். கட்டுரை முடிந்துவிட்டது, எழுந்திருங்கள். என்ன, அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா?