கும்பிட்ட மெஷின்

அழித்த நாற்பது ஃபைல்களும் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தன. அவன் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள்.

"நாப்பத்தொண்ணு," என்று எட்டிப் பார்த்து எண்ணிச் சொன்னார் பக்கத்து சீட்டுக்காரர். "போனது துணைக்கு ஒண்ணைக் கூட்டிட்டு வந்திருக்கு."

அலுவலகத்தில் அவனுக்குச் சுத்தம் என்று பெயர். கீபோர்டைத் துணியால் துடைக்காமல் வேலையில் உட்கார மாட்டான். பல் ஆஸ்பத்திரிகளுக்கு டோக்கன் கொடுக்கும் மென்பொருள் எழுதுகிற அந்த இடத்தில் அவன் சேர்ந்து இன்றோடு மூன்று மாதம். நாலு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டு, வேலை நிரந்தரமா, மூட்டையைக் கட்டலாமா என்று சொல்லிவிடுவார். இரண்டு வருடத்தில் இது மூன்றாவது வேலை. நிரந்தரம் ஆகிவிட்டது என்று மாமனாரிடம் போன மாதமே அளந்துவிட்டிருந்தான்.

மேனேஜர் கேட்டது ஒன்றே ஒன்று. தானாகவே நிரல் எழுதித் தரும் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார்கள். கேட்டதற்கு ஒன்று எழுதினால் கேட்காததற்குப் பத்து எழுதும். அது போட்டு வைத்த குப்பையை நாலு மணிக்குள் கூட்டித் தள்ள வேண்டும். காலையில் முந்நூறு ஃபைல்களைத் தள்ளினான். அவை சத்தம் போடாமல் போய்விட்டன. இந்த நாற்பதுதான் போக மாட்டேன் என்கிறது.

"தொறந்துதான் பாருங்களேன்," என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

திறந்தான். நிரலுக்கு மேலே விளக்கம் எழுதியிருந்தது. 'இது ஒரு பல். பல்லைப் பிடுங்கினால் பற்களின் எண்ணிக்கை ஒன்று குறையும். குறைந்த எண்ணிக்கை கீழே உள்ளது.'

"இதை மனுஷன் எழுதுவானா?"

"சான்ஸே இல்ல. மெஷினேதான்."

மறுபடி அழித்தான். மறுபடி வந்தது. பொறுமை போய், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அந்த ஃபைல்களைத் தேடி அழிக்கிற சின்ன நிரல் ஒன்றை எழுதி, அதற்குத் துடைப்பம் என்று பெயரும் வைத்து ஓட விட்டான். கால் மணி நேரம் நிம்மதியாக இருந்தது. அதற்குப் பிறகு எல்லாம் வேறு வேறு பெயரில் வந்தன. ஒவ்வொன்றின் முதல் வரியிலும், 'தயவுசெய்து அழிக்க வேண்டாம்.'

துடைப்பத்துக்குப் புதுப் பெயர்களையும் சொல்லிக் கொடுத்தான். அடுத்த தடவை வந்தவற்றில், 'கையெடுத்துக் கும்பிடுகிறேன், அழிக்க வேண்டாம்.'

"புது வெர்ஷன் போட்டிருப்பாங்க," என்றார் பக்கத்து சீட்டுக்காரர். "இப்பல்லாம் அதுங்க ரொம்ப மரியாதையாப் பேசுதாம்."

சுத்தம் வராந்தாவுக்குப் போய் மனைவிக்கு போன் போட்டான்.

"மெஷின் என்னைக் கும்பிடுது."

"சாப்டீங்களா?"

"சாப்டேன். நிஜமாவே கும்பிடுது."

"கும்பிட்டா விட்டுடுங்களேன், பாவம்."

"விட்டா என் வேலை போயிடும்."

"அப்பா இன்னிக்குக் காலைலகூட பக்கத்து வீட்ல உங்களைப் பத்திப் பெருமையாச் சொல்லிட்டிருந்தாராம். நிரந்தர உத்தியோகம்னு."

"சுத்தம்," என்று தன் பெயரையே ஒரு தரம் சொல்லிவிட்டு வைத்தான்.

திரும்பி வந்தவன் பெயரைப் பார்த்து அழிப்பதை விட்டான். எழுத்தைப் பார்த்து அழிக்கத் துடைப்பத்தைப் பழக்கினான். எங்கே இருந்தாலும் சரி, மெஷின் எழுதியது மாதிரி இருந்தால் பெருக்கித் தள்ளு. இரண்டே நிமிடம். திரை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மூன்று மாதத்தில் முதல் முறையாக அவன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"எல்லாம் சரி," என்றார் பக்கத்து சீட்டுக்காரர். "நீங்க எழுதினது எங்க?"

தேடினான். மூன்று மாதமாக அவன் எழுதிய அத்தனையும் காணோம். குப்பையோடு குப்பையாகப் போயிருந்தது.

"அப்ப நான் மெஷினா?"

"உங்க துடைப்பம் அப்படித்தான் நினைக்குது."

"உங்களோடது மட்டும் அப்படியே இருக்கே."

"எனக்கு ஒழுங்கா எழுத வராதுங்க. மனுஷன்தான்னு கண்டுபிடிச்சிடுச்சு போல."

சுத்தத்துக்கு அழுகை வந்தது. துடைப்பத்தை நிறுத்தினான். காலையில் எடுத்து வைத்த பிரதி ஒன்று இருந்தது. வேறு வழியில்லாமல் அதைத் திருப்பிப் போட்டான். அவன் எழுதியதெல்லாம் வந்தது. காலையில் பெருக்கித் தள்ளிய முந்நூறும் கூடவே வந்தது. அடங்காத நாற்பது அதில் ஒரு தடவை வந்தது. புதிதாக இன்னொரு தடவையும் வந்து, எண்பதைத் தாண்டி நின்றது. மணி நாலுக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

அதற்கு மேல் அவன் எதையும் தொடவில்லை. கீபோர்டைக்கூடத் துடைக்கவில்லை.

மேனேஜர் அறையில் ஒரு பெண் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தன்னை அனுப்பும் கடிதத்தை எழுதத்தான் வந்திருக்கிறாள், அதற்கே இவ்வளவு வருத்தப்படுகிறாளே, நல்ல பெண் என்று நினைத்துக்கொண்டான்.

"என்னப்பா, எல்லாம் கிளீனா?" என்றார் மேனேஜர்.

"இல்ல சார். காலைல இருந்ததைவிட இப்ப அதிகமா இருக்கு." இனி போவதற்கு ஒன்றுமில்லை என்று ஆனதும் அவனுக்கு வாய் வந்துவிட்டது. "என்னை அனுப்புறதா இருந்தா அனுப்பிடுங்க. ஆனா அந்த மெஷினையும் அனுப்பிடுங்க. நான் அழிக்க அழிக்க அது எழுதுது. பல்லைப் பிடுங்கினா பல் குறையுமாம், அதுக்கு ஒரு விளக்கம். மூளைன்னு ஒண்ணு இருக்கிற மனுஷன் இப்படி எழுதுவானா சார்?"

மேனேஜர் அவனை விநோதமாகப் பார்த்தார்.

"எந்த மெஷினைச் சொல்றே? அதைத்தான் போன வெள்ளிக்கிழமையே நிறுத்தியாச்சே."

"நிறுத்திட்டீங்களா? அப்ப காலைலேருந்து எழுதுறது யாரு?"

அந்தப் பெண் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"திங்கக்கிழமைலேருந்து அந்த மெஷினுக்குப் பதிலா நான்தான் சார் மேல்மாடியில வேலை பாக்கறேன்."