ஒரே ஒரு ‘மாட்டேன்’

"இருபது பேர்கிட்ட கேட்டிருக்கீங்க. இருபது பேரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க," என்றார் ஆய்வு நெறிமுறைக் குழுவின் தலைவி, சம்மதப் படிவங்களைப் புரட்டியபடி.

"ஆமா மேடம்," என்றாள் ஆய்வு மாணவி பெருமையாக.

"அதுதான் பிரச்சினை."

அவளுடைய ஆராய்ச்சி, ‘மாட்டேன்’ என்று சொல்லத் தெரியாதவர்களைப் பற்றியது. அடுத்தவர் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிற அப்பிராணிகளாகத் தேடிப் பிடித்திருந்தாள்.

"மறுக்கத் தெரியாதவங்க சரின்னு சொன்னா, அது சம்மதமா? ஒருத்தராவது மறுத்திருந்தா, மறுக்க வழி இருந்துச்சுன்னு நம்புவேன். வெள்ளிக்கிழமைக்குள்ள அப்படி ஒருத்தரைக் காட்டுங்க. இல்லன்னா அனுமதி கிடையாது."

இரண்டு வருட உழைப்பு. தலைவி சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் இன்னும் எரிச்சல்.

படிவத்தின் மேலே ‘நீங்கள் தாராளமாக மறுக்கலாம்’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து, இன்னும் சில அப்பிராணிகளைத் தேடிக் கிளம்பினாள். ஜெராக்ஸ் கடைக்காரர் பிரதி எடுத்த கையோடு அந்த வரிக்கு நேர் கீழேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மருந்துக்கடைப் பெண்ணுக்கு ஆறு பக்கத்தையும் நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினாள். அவள் இரண்டாம் பக்கத்திலேயே பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். "எங்க போடணும்னு சொல்லுங்கக்கா, போட்டுடறேன்."

தன் முகத்தைப் பார்த்துத்தான் மறுக்கத் தயங்குகிறார்களோ என்று சித்தியை அனுப்பினாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. சாயங்காலத்துக்குள் சித்தி ஒன்பது கையெழுத்தோடு வந்து நின்றாள்.

"மறுக்கலாம்னு சொன்னீங்களா சித்தி?"

"சொல்லாம இருப்பேனாடி? மறுத்தா பிள்ளை மனசு ஒடஞ்சிடும்னும் சொன்னேன்."

வெள்ளிக்கிழமை காலை, அவள் பட்டியலில் மிச்சமிருந்தது அவள் துறைக் கட்டடத்தின் லிப்ட் இயக்குபவர் மட்டும்தான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆறு பக்கத்தையும் படித்தார்.

"இந்தக் காகிதத்தையெல்லாம் யார் பாப்பாங்க?"

"நானும் நெறிமுறைக் குழுவும் மட்டும்தாண்ணா."

"பாதியில வேணாம்னா விலகிக்கலாமா?"

"எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். "எனக்கு இதுல கலந்துக்க இஷ்டமில்லம்மா."

அவளுக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

குழு அனுமதி கொடுத்தது. "படிச்சு, கேள்வி கேட்டு, யோசிச்சு மறுத்திருக்கார். இதத்தான் நான் கேட்டேன்," என்றார் தலைவி.

மாலையில் லிப்டில் இறங்கும்போது அவளுக்கு மனம் அரித்தது. மறுத்தவரிடம் காரணம் கேட்கக் கூடாது, அதுதான் நெறிமுறை. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏண்ணா மாட்டேன்னு சொன்னீங்க?"

அவர் கூச்சத்தோடு சிரித்தார். "ஒருத்தராவது மறுக்கணுமேன்னு நாலு நாளா இதுக்குள்ளதானே போன்ல புலம்பிட்டிருந்தீங்க. நீங்க அவ்வளவு ஆசைப்படும்போது, நான் எப்படிம்மா முடியாதுன்னு சொல்றது?"